எண்ணங்களிலிருந்து தள்ளி நிற்பது எப்படி? முதலில் போகிற திசையை முடிவு செய்யுங்கள்

சின்ன வயதில் கஷாயம் கொடுக்கும்போது பாட்டி சொல்வார்: "குரங்கை மட்டும் நினைச்சுக்காம குடி, அப்பத்தான் பலிக்கும்." அதுவரை குரங்கைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டேன். அடுத்த நொடி டம்ளருக்குள் குரங்குதான் உட்கார்ந்திருக்கும்.

1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஏறத்தாழ இதையே ஆய்வாகச் செய்தார். குரங்குக்குப் பதிலாக வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் அதை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு 'இப்போது தாராளமாக நினைக்கலாம்' என்றதும், முதலில் அடக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது.

'ஆக்ட்' என்ற சிகிச்சைமுறையை இந்த இடத்திலிருந்து புரிந்துகொள்ளத் தொடங்கினால் சுலபம். ஆங்கிலத்தில் Acceptance and Commitment Therapy, சுருக்கமாக ACT. பாடப்புத்தகத் தமிழில் 'ஏற்பு மற்றும் கடப்பாட்டுச் சிகிச்சை' என்று சொல்லலாம். ஆனால் ஆலோசகர்கள் பேச்சில் ஆக்ட்தான். ஆங்கிலப் பெயரின் மூன்று எழுத்துகளையும் தனித்தனியாகச் சொல்லாமல் ஒரே சொல்லாகச் சொல்வார்கள், 'செயல்படு' என்ற பொருள் அதில் இருப்பதால். (நம்ம ஊரில் 'ஆக்ட் கொடுக்காதே' என்றால் வேறு அர்த்தம். அந்தக் குழப்பத்தை நான் முதல் நாளே பட்டுவிட்டேன்.) நெவாடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் ஹேய்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1980-களில் உருவாக்கிய முறை இது. 1999-இல் முழு நூலாக வந்தது. ஹேய்ஸே திடீர்ப் பீதித் தாக்குதல்களால் அவதிப்பட்டவர். சொந்த அனுபவத்தின் சாயல் இந்த முறையில் நன்றாகவே தெரியும்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் உளவியலாளர் இல்லை. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் டெஸ்டிங் வேலை. ரெவ்யூ மீட்டிங் என்றால் முந்தின நாளே வயிறு கலங்குகிற ஆள். ஏழெட்டு மாதம் ஓர் ஆலோசகரிடம் போய்க் கற்றதையும், அப்புறம் நானே தப்பும் தவறுமாகச் செய்து பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் செய்த பெரிய தப்பு

எண்ணங்களிலிருந்து விலகி நிற்கும் பயிற்சிகளைத்தான் முதலில் பிடித்துக்கொண்டேன். இணையத்தில் எல்லோரும் அதைத்தான் காட்டுகிறார்கள், செய்வதற்கும் சுவாரசியமாக இருக்கும். மூன்று வாரம் விழுந்து விழுந்து செய்துவிட்டு ஆலோசகரிடம் போய் நின்றேன்.

"பயம் போகவே இல்ல மேடம்."

"போகணும்னு யார் சொன்னா?"

முழித்தேன். அவரே தொடர்ந்தார். "சரி, போயிடுச்சுன்னே வெச்சுக்குங்க. நாளைக்குக் காலைல என்ன பண்ணுவீங்க?"

என்னிடம் பதில் இல்லை. பயத்தை விரட்டுவதையே முழுநேர வேலையாக வைத்திருந்தவனுக்கு, அது போன பிறகு எங்கே போவது என்ற யோசனையே வந்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கூட்டம் குறையட்டும், கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்தேனே தவிர, எந்த பஸ் என்று முடிவு செய்யவில்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் போகிற திசை, அப்புறம்தான் எண்ணங்கள்.

அதற்கு முன் 'ஏற்பு' என்ற சொல்லைச் சரிசெய்துவிடுகிறேன். 'பொறுத்தார் பூமி ஆள்வார்' கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் தப்பாகத்தான் போய்ச் சேரும். இங்கே ஏற்பு என்பது உள்ளே எழும் பயம், துக்கம், படபடப்பு ஆகியவற்றோடு மல்லுக்கட்டாமல் அவற்றுக்கு இடம் கொடுப்பது. மேலதிகாரி அவமானப்படுத்துவதை ஏற்றுக்கொள், அடிக்கிற கணவனைச் சகித்துக்கொள் என்பதல்ல. சொல்லப்போனால், பயம் இருக்கும்போதே புகார் எழுத உட்காருவதற்கு இந்த ஏற்பு உதவும்.

திசையைக் கண்டுபிடிப்பது

இதற்குத் தமிழில் 'விழுமியம்' என்ற நல்ல சொல் இருக்கிறது, ஆனால் மேடையில் கேட்கிற மாதிரி இருக்கும். 'நான் எப்படிப்பட்ட ஆளாக நடந்துகொள்ள விரும்புகிறேன்' என்று விரித்துச் சொன்னால் போதும்.

புதியவர்கள் இங்கே இலக்கையும் விழுமியத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஈ.சி.ஆர். சாலையில் போகிறீர்கள். மாமல்லபுரம் சேர்வது இலக்கு. சேர்ந்தால் முடிந்தது. தெற்கே போவது விழுமியம். மாமல்லபுரம் வந்த பிறகும் தெற்கு மிச்சமிருக்கும். (கன்னியாகுமரியில் கடல் வந்துவிடுமே என்று என் தம்பி கேட்டான். படகு ஏறிக்கொள் என்றேன்.) வேளச்சேரியில் வீடு வாங்குவது இலக்கு. என்னை நம்பியிருப்பவர்களைக் கவனமாகப் பார்த்துக்கொள்வது விழுமியம். வீடு வாங்கப் பத்து வருடம் ஆகலாம். கவனமாகப் பார்த்துக்கொள்வதை இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்திலேயே தொடங்கலாம்.

எனக்கு உதவிய ஒரு குறுக்குவழி பள்ளியில் படித்த இலக்கணம். விழுமியம் பெரும்பாலும் வினையடையாக வரும், '-ஆக' என்று முடியும். பொறுமையாக, நேர்மையாக, அன்பாக, ஆர்வமாக, துணிச்சலாக. கையில் பிடித்துக் காட்டக்கூடிய பெயர்ச்சொல்லாக வந்தால் அது அநேகமாக இலக்கு. 'பதவி உயர்வு' என்று எழுதியிருந்தேன். 'எப்படி வேலை செய்வது?' என்று கேட்டுப் பார்த்ததும் 'மறைக்காமல், உதவியாக' என்று மாறியது.

இப்போது பயிற்சி. தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். நோட்டு வாங்கப் போனால் அதிலேயே ஒரு வாரம் போய்விடும்.

உங்களுக்கு ஒரு பாராட்டு விழா நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் புத்தகங்களில் எண்பதாவது பிறந்தநாள் என்றிருக்கும். எனக்கு அது ஒட்டவில்லை, பணி ஓய்வு விழாவாக மாற்றிக்கொண்டேன். பொன்னாடை, சந்தன மாலை, மைக் செட், கேசரி, எல்லாம் உண்டு. வீட்டிலிருந்து ஒருவர், நண்பர் ஒருவர், உங்களோடு வேலை பார்த்தவர் ஒருவர் என்று மூன்று பேர் பேசுகிறார்கள். அவர்கள் நிஜத்தில் என்ன சொல்வார்கள் என்பது வேண்டாம். என்ன சொன்னால் உங்கள் தொண்டை அடைக்கும்? அதை ஆளுக்கு ஒரு வரியாக எழுதுங்கள்.

எழுதியதும் அதை இரண்டு சல்லடையில் சலிக்க வேண்டும். முதல் சல்லடை 'நாலு பேர்'. இதை ஒருவருக்கும் சொல்ல முடியாது, ஸ்டேட்டஸ் வைக்க முடியாது, சொந்தக்காரர்கள் காதுக்குப் போகவே போகாது என்றாலும் செய்வீர்களா? நம்மில் பலருக்கு இங்கேதான் பட்டியல் பாதியாகும். என்னுடையதில் 'சொந்தக்காரர்கள் மத்தியில் மரியாதை' இந்தச் சல்லடையில் நிற்கவில்லை, நழுவிப் போய்விட்டது. 'அம்மா பேசும்போது அவசரப்படாமல் கேட்பது' நின்றது. ஒன்று சொல்ல வேண்டும்: குடும்பத்துக்காக வாழ்வது என்று எழுதினால் அது சொந்த விழுமியமே இல்லை என்று சொல்லும் சிலர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது பயத்தால் வருகிறதா, பிரியத்தால் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது சல்லடை கொஞ்சம் கரடுமுரடானது. நடத்தை உளவியலில் இதைப் 'பிணச் சோதனை' என்பார்கள். ஒரு பிணம் உங்களைவிட நன்றாகச் செய்துவிடும் என்றால் அதைப் பட்டியலில் வைக்காதீர்கள். 'கோபப்படக் கூடாது', 'பதற்றமே இருக்கக் கூடாது', 'அழக் கூடாது', எல்லாவற்றிலும் பிணம்தான் முதல் பரிசு. கோபம் வரும்போது என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று மாற்றி எழுதுங்கள்.

அடுத்து, தாளில் ஒரு பெரிய வட்டம் போட்டு நான்காகப் பிரியுங்கள்: வேலை அல்லது படிப்பு, உறவுகள், உடல்நலமும் சுய வளர்ச்சியும், ஓய்வும் பொழுதுபோக்கும். நடுவில் ஒரு சின்ன வட்டம். ஸ்வீடனைச் சேர்ந்த டோபியாஸ் லுண்ட்கிரென் அமைத்த பயிற்சி இது. அவர் அம்பு எறியும் பலகையை நினைத்துச் செய்தார். எனக்கு கேரம் போர்டுதான் தெரிகிறது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு புள்ளி வையுங்கள். கடந்த இரண்டு வாரம் நீங்கள் விரும்பும் விதத்தில் வாழ்ந்திருந்தால் நடுவுக்குப் பக்கத்தில், இல்லையென்றால் ஓரத்தில். என்னுடைய வேலைப் புள்ளி சுமாரான இடத்தில் இருந்தது. ஓய்வுப் புள்ளி வட்டத்துக்கு வெளியே, கிழமையைக் காட்டும் எழுத்து மறுபக்கத்திலிருந்து தெரியும் இடத்தில் கிடந்தது.

ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். நான்கையும் இழுத்துப் போட்டுக்கொண்டால் அடுத்த மாதம் இந்தத் தாள் பூஜை அறையில் விபூதி மடிக்கத்தான் பயன்படும்.

எண்ணத்தோடு ஒட்டிக்கொள்வது

திசை தெரிந்ததும் உடனே மனசு பேசத் தொடங்கும். 'ஆமா, நீ கிழிச்ச.' 'போன தடவை என்ன ஆச்சு?' இதில் சிக்கல் எண்ணம் வருவதில் இல்லை. எண்ணத்தையும் நம்மையும் பிரித்துப் பார்க்க முடியாதபடி அதோடு ஒட்டிக்கொள்வதுதான் சிக்கல். கண்ணாடியை மூக்கோடு ஒட்டிப் பிடித்தால் கண்ணாடி தெரியாது. கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தால் கண்ணாடியும் தெரியும், அறையும் தெரியும்.

தமிழ் பேசுபவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நாம் 'எனக்கு அப்படித் தோணுது' என்கிறோம். 'பயம் வருது', 'கோபம் வருது' என்கிறோம். எண்ணமும் உணர்வும் எங்கிருந்தோ நமக்கு வந்து சேருகிற மாதிரிதான் நம் வாக்கியமே அமைந்திருக்கிறது. 'மனசு சொல்லுது' என்று மனசைத் தனி ஆளாகவே ஆக்கிவிடுகிறோம். நொந்துபோகும்போது மட்டும் இதை மறந்து 'நான் லாயக்கில்லாதவன்' என்று எழுவாய் போட்டுப் பேசுகிறோம்.

முதல் பயிற்சி இதை வைத்துத்தான். உங்களைக் குத்தும் எண்ணத்தை அப்படியே சொல்லுங்கள்: "நான் லாயக்கில்லாதவன்." பத்து நொடி அதை நம்பியே இருங்கள். அடுத்து: "நான் லாயக்கில்லாதவன்னு எனக்கு ஒரு எண்ணம் வருது." அடுத்து: "அப்படி ஒரு எண்ணம் வர்றதை நான் கவனிக்கிறேன்." மூன்றையும் மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு விட்டுச் சொல்லுங்கள். மூன்றாவதில் ஒரு அரை அடி இடைவெளி கிடைக்கும். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, அடுத்ததற்குப் போங்கள்.

இரண்டாவது, சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது. ஒரு சொல்லை வேகமாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் பொருள் கழன்று வெறும் ஓசை மிஞ்சும் என்று நூறு வருடத்துக்கு முன்பே எட்வர்ட் டிச்னர் எழுதிவைத்தார். அதைத்தான் ஆக்ட் முறையில் எடுத்துக்கொண்டார்கள். முதலில் சாதாரணச் சொல்லோடு தொடங்குங்கள். 'மோர்' என்று சொல்லிப் பாருங்கள். புளிப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் நினைவுக்கு வரும். இப்போது முப்பது நொடி நிறுத்தாமல் மோர் மோர் மோர் மோர் என்று சத்தமாகச் சொல்லுங்கள். கறிவேப்பிலை காணாமல் போயிருக்கும்.

என் ஆலோசகர் அடுத்ததாக, "உங்களை உறுத்தற சொல் ஒண்ணு சொல்லுங்க" என்றார். படிப்பு முடித்து இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தேன். அப்போது ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா ஒருவர் எனக்கு வைத்த பெயர் 'தண்டச்சோறு'. பத்து வருடம் ஆகியும் எந்த மீட்டிங்கில் வாயைத் திறந்தாலும் அந்தக் குரல் கேட்கும். அதையே சொன்னேன். அவர் போனில் முப்பது நொடிக்கு டைமர் வைத்தார், அவரும் கூடச் சேர்ந்துகொண்டார். தண்டச்சோறு தண்டச்சோறு தண்டச்சோறு. முதல் நாலைந்து முறை காது சூடாகியது. பத்தாவது முறை வாக்கில் நாக்கு குழறி 'சோறுதண்டச் சோறுதண்டச்' என்றானது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். மணி அடித்தபோது அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். சித்தப்பா சொன்னது அழிந்துவிடவில்லை, இன்றும் வலிக்கும். ஆனால் அது 'சோ', 'று' என்ற எழுத்துகளால் ஆனது என்பதும் இப்போது தெரியும்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. புத்தகங்களில் 'ஓடையில் மிதக்கும் இலைகள்' என்று ஒரு பயிற்சி வரும். கண்ணை மூடிக்கொண்டு ஓடும் நீரை நினைத்து, வரும் எண்ணங்களை ஒவ்வோர் இலையாக வைத்து விட வேண்டும். சென்னைக்காரனுக்கு ஓடும் நீர் என்றால் கூவம்தான் நினைவுக்கு வரும், கண்ணுக்கு முன் மூக்கு மூடிக்கொள்ளும். அதனால் கோடம்பாக்கம் மேம்பாலத்தில் நிற்பதாக வைத்துக்கொண்டேன். கீழே மின்சார ரயில்கள் தாம்பரம் பக்கமும் கடற்கரை பக்கமும் போகின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் எண்ணம். 'கடன் தவணை' ஒரு பெட்டி, 'அவள் ஏன் இன்னும் பதில் போடவில்லை' ஒரு பெட்டி. நீங்கள் பாலத்தில் நின்று பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் நாலு தடவையாவது ஏதோ ஒரு பெட்டியில் ஏறிப் பல்லாவரம் வரை போயிருப்பீர்கள். கவனித்ததும் இறங்கிப் பாலத்துக்கு வந்துவிடுங்கள். அப்படித் திரும்பி வருவதுதான் பயிற்சியே. ஏறிவிட்டோமே என்று திட்டிக்கொள்வதும் இன்னொரு பெட்டிதான்.

இதோடு ஒரு விளையாட்டும் சேர்த்துக்கொள்ளலாம். எண்ணத்தை ஸ்டேஷன் அறிவிப்புக் குரலில் சொல்லுங்கள்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. 'எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்க' என்ற எண்ணம் இன்னும் சில நிமிடங்களில் முதலாவது நடைமேடைக்கு வந்து சேரும்." கானா மெட்டில் பாடுபவர்களும் உண்டு.

29சி

விழுமியமும் விலகி நிற்பதும் சேரும் இடத்தை ஆக்ட் முறையில் ஒரு பேருந்தை வைத்து விளக்குவார்கள். ஓட்டுநர் நீங்கள். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி என்று வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ஏறியிருக்கும் பயணிகள்தான் உங்கள் எண்ணங்களும் உணர்வுகளும். 'திருப்புடா வண்டியை' என்று ஒருவர் கத்துகிறார். 'உனக்கு ஓட்டவே தெரியாது' என்கிறார் இன்னொருவர். வண்டியை நிறுத்திவிட்டு அவர்களோடு சண்டை போடலாம், பேருந்து அங்கேயே நிற்கும். அவர்கள் சொன்ன பக்கம் திருப்பலாம், அமைதியாகிவிடுவார்கள், ஆனால் கடற்கரைக்குப் போக முடியாது. மூன்றாவது வழி, கத்தல் கேட்டுக்கொண்டே ஓட்டுவது. முன்னால் வந்து முறைப்பார்கள், மூச்சுக்காற்று கழுத்தில் படும், ஆனால் ஸ்டியரிங் அவர்கள் கையில் இல்லை.

நான் எடுத்த பகுதி வேலை. விழுமியம் 'மறைக்காமல்'. முதல் அடி இருபத்துநாலு மணி நேரத்துக்குள், பத்து நிமிடத்துக்கு மேல் போகாததாக இருக்க வேண்டும் என்பது விதி. மறுநாள் ரெவ்யூவில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வது என்று முடிவு செய்தேன்: "இந்த மாட்யூலை நான் இன்னும் முழுசா டெஸ்ட் பண்ணல, ரெண்டு நாள் வேணும்." குரல் நடுங்கியது. சித்தப்பா முன் சீட்டில் உட்கார்ந்து கத்தினார். சொல்லி முடித்தேன். மேனேஜர் "சரி, வெள்ளிக்கிழமை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். பயம் அன்று முழுக்க இருந்தது. வேலைப் புள்ளி நடுவை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்தது.

எங்கே பயன்படுத்தக் கூடாது

பக்கத்தில் இருப்பவர் அழும்போது "அது வெறும் எண்ணம்தான்" என்று சொல்லாதீர்கள். நான் ஒரு தடவை மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன், விவரம் வேண்டாம். இது தனக்குத்தானே செய்துகொள்வது.

எல்லா எண்ணமும் தள்ளி வைக்க வேண்டியதும் இல்லை. 'இந்த மாசமும் சம்பளம் வரல, ஏதோ தப்பா இருக்கு' என்பது கவனிக்க வேண்டிய தகவல். இதைப் பிடித்துக்கொண்டால் எனக்கு முக்கியமான பக்கம் போக உதவுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பதில் கிடைத்துவிடும். புதுத் துக்கத்தையும் பழைய கொடுமைகளின் நினைவையும் பாட்டுக் கட்டி விளையாடாதீர்கள், அதற்கு ஆள் துணை வேண்டும். மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் பயிற்சியை ஓரம் வைத்துவிட்டு உடனே பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் எண் 104. 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050.

ஆலோசகரைத் தேடும்போது மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் (RCI) பதிவு இருக்கிறதா, ஆக்ட் முறையில் பயிற்சி உண்டா என்று நேராகவே கேளுங்கள். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவும், 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவும் இருக்கின்றன. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று கிண்டல் செய்தே வளர்ந்த ஊர் இது, தெரியும். அந்தக் கிண்டலும் பஸ்ஸில் கத்தும் ஒரு பயணிதான், ஏறிப் போய்விடுங்கள். உலக சுகாதார நிறுவனம் ஆக்ட் முறையை வைத்து 2020-இல் படங்களோடு ஒரு சுயஉதவிக் கையேடு வெளியிட்டது, இணையத்தில் இலவசம்.

முதல் வாரம்

ஞாயிற்றுக்கிழமை தாளும் வட்டமும். திங்கள் முதல் தினமும் காலையில் ஐந்து நிமிடம் பாலத்தில் நில்லுங்கள். பகலில் குத்தும் எண்ணம் வரும்போது அந்த மூன்று வாக்கியங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், எடுத்துக்கொண்ட பகுதியில் பத்து நிமிட அடி ஒன்று. சொல்லைத் திரும்பச் சொல்லும் பயிற்சியை வீட்டில் ஆள் இல்லாதபோது செய்யுங்கள். நான் மொட்டைமாடியில் செய்தபோது எதிர்வீட்டு மாமி துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு, "யாரைப்பா திட்டற?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு அதே தாளில் வேறு நிறப் பேனாவால் புள்ளி வைத்துப் பக்கத்தில் தேதி போடுங்கள். நகரவில்லை என்றால் அடுத்த வார அடியை ஐந்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.